நிறம் வந்துவிட்டது, சேர்மம் எது?

நிக்கல் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்தால் பச்சைக் கரைசல் கிடைக்கும். அதில் எத்திலீன் டைஅமீனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், நிக்கலுக்குச் சமமான மோல் அளவு சேரும்போது பச்சை மங்கி வெளிர்நீலமாகும். இரண்டு மடங்கு சேர்ந்ததும் நல்ல நீலம். மூன்று மடங்கில் ஊதா. அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் நிறம் நகராது.

பச்சைக் கரைசலில் ஒவ்வொரு நிக்கல் அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கின்றன. எத்திலீன் டைஅமீனின் இரு முனையிலும் ஒவ்வொரு நைட்ரஜன் இருக்கிறது. இரண்டும் ஒரே உலோகத்தோடு இணையும். ஆகவே ஒரு டைஅமீன் உள்ளே வந்தால் இரண்டு நீர் வெளியே போகும். மூன்று டைஅமீன் வந்துவிட்டால் ஆறு இடமும் நிரம்பிவிடும். அதனால்தான் நிறம் மூன்றாவது படியில் நின்றுவிடுகிறது.

இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களால் ஒரே உலோகத்தைப் பிடித்து வளையம் அமைக்கும் மூலக்கூறுகளைக் கொடுக்கிணைப்பு ஈனிகள் என்கிறோம் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறோ அயனியோ ஈனி; உலோகமும் ஈனிகளும் சேர்ந்தது அணைவு). ஆக்சலேட், அசிட்டைல் அசிட்டோன், பைபிரிடின், டைமெத்தில் கிளையாக்சைம், ஷிஃப் காரங்கள், ஆறு இடங்களையும் ஒரே மூலக்கூறால் நிரப்பக்கூடிய இ.டி.டி.ஏ. (எத்திலீன் டைஅமீன் டெட்ரா அசிட்டிக் அமிலம்) எல்லாம் இந்த வகை. இவற்றை இடைநிலை உலோக உப்போடு கலந்தால் பெரும்பாலும் அழகான நிறத்தில் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். அந்த "ஏதோ ஒன்று" என்னவென்று உறுதியாகச் சொல்வதில்தான் அணைவு வேதியியல் என்ற இந்தத் துறையின் உழைப்பு முழுதும் இருக்கிறது. ஒரு பொடியின் பெயரை எழுதுவது ஒரு வழக்கை முன்வைப்பது போன்றது. ஒரு சாட்சி போதாது, சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரண்படவும் கூடாது. கருவிகள் பெருகிய இந்தக் காலத்திலும் பலர் இதை அவசரமாகச் செய்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

ஏன் இத்தனை உறுதியாகப் பிடிக்கிறது?

முதலில் ஈனியின் பிடியைப் பார்ப்போம். அம்மோனியாவிலும் பிணைப்பது நைட்ரஜன்தான், எத்திலீன் டைஅமீனிலும் நைட்ரஜன்தான். அணைவு எவ்வளவு உறுதியாக உருவாகிறது என்பதைச் சொல்லும் எண் நிலைப்புத்தன்மை மாறிலி. நிக்கலோடு ஆறு அம்மோனியா சேரும் மொத்த மாறிலியின் மடக்கை மதிப்பு சுமார் 8.6. மூன்று எத்திலீன் டைஅமீன் சேரும்போது அது 18ஐத் தொடுகிறது. இரண்டிலும் ஆறு நிக்கல்–நைட்ரஜன் பிணைப்புகளே இருந்தும், மாறிலிகளுக்கு இடையில் சில நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

பிணைப்பின் வலிமை இதில் ஓரளவுதான் பங்கு வகிக்கிறது. பெரும்பங்கு என்ட்ரோபியுடையது, அதாவது துகள்கள் சிதறிப் பரவும் போக்கினுடையது. ஆறு அம்மோனியா கொண்ட அணைவு அயனி ஒன்றும் மூன்று டைஅமீனும் வினைபுரிந்தால், டைஅமீன் அணைவு ஒன்றும் தனித்த அம்மோனியா ஆறும் கிடைக்கும். நான்கு துகள்கள் ஏழு துகள்கள் ஆகின்றன. கரைசலில் சுதந்திரமாகத் திரியும் துகள்களின் எண்ணிக்கை கூடுவதை இயற்கை விரும்புகிறது. இன்னொரு காரணமும் உண்டு: டைஅமீனின் ஒரு முனை பிணைந்துவிட்டால் மறுமுனை வெகுதூரம் போக முடியாது, உலோகத்தின் பக்கத்திலேயே தயாராக நிற்கும். கரைசல் எவ்வளவு நீர்த்துப்போகிறதோ, அவ்வளவுக்கு இந்த அனுகூலம் கூடும். அம்மோனியா ஒன்று விலகினால் நீரில் கரைந்து காணாமல் போய்விடும். டைஅமீனின் ஒரு முனை விலகினால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

வளையத்தின் அளவும் முக்கியம். எத்திலீன் டைஅமீன் அமைப்பது உலோகத்தையும் சேர்த்து ஐந்து அணு வளையம்; நிறைவுற்ற அமீன்களில் அதுவே பெரும்பாலும் அதிக நிலைப்புடையது. நடுவில் இன்னொரு கார்பனைச் சேர்த்து ஆறு அணு வளையமாக்கினால் பிடி தளர்கிறது. ஆனால் அசிட்டைல் அசிட்டோனைப் போல இரட்டைப் பிணைப்புகள் வளையம் முழுக்கப் பரவியிருந்தால் ஆறு அணு வளையமே சுகமாக உட்காரும். ஏழு அணுவுக்கு மேல் போனால் கொடுக்கிணைப்பின் பலன் வேகமாகக் குறைந்துவிடும்.

இ.டி.டி.ஏ. ஒரே மூலக்கூறில் ஐந்து வளையங்களை அமைக்கிறது. இரும்பு(III) உடன் அதன் மடக்கை மதிப்பு சுமார் 25, தாமிரம்(II) உடன் கிட்டத்தட்ட 19, கால்சியத்தோடு சுமார் 10.7. தண்ணீரின் கடினத்தன்மையைத் தரம்பார்த்து அளப்பதும், ஈய நச்சுக்கு அதன் கால்சியம் உப்பை மருந்தாகக் கொடுப்பதும் இந்த எண்களின் ஏற்ற இறக்கத்தை நம்பித்தான். ஈயம் கால்சியத்தைவிடக் கோடி மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைவதால், இ.டி.டி.ஏ. கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கருவி இல்லாத காலத்துச் சான்று

வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல் தன் அணைவுக் கொள்கையை வெளியிட்டபோது எக்ஸ் கதிர்களே கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் கையில் இருந்தவை வெள்ளி நைட்ரேட்டும், மின்கடத்துத்திறன் அளக்கும் ஏற்பாடும், நிறைய கோபால்ட் உப்புகளும்தான்.

கோபால்ட்(III) குளோரைடோடு ஆறு அம்மோனியா சேர்ந்த உப்பு ஆரஞ்சு மஞ்சள் நிறம்; வெள்ளி நைட்ரேட் விட்டால் அதன் மூன்று குளோரைடும் உடனே வெண்ணிற வீழ்படிவாக இறங்கிவிடும். ஐந்து அம்மோனியா உள்ள ஊதாச் சிவப்பு உப்பில் இரண்டு குளோரைடுதான் இறங்கும். நான்கு அம்மோனியா உள்ளதில் ஒன்றே ஒன்று. மீதிக் குளோரைடு எங்கே போயிற்று? உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்து உள்வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றார் வெர்னர். சக ஆய்வாளர் மியோலாட்டியோடு சேர்ந்து அவர் எடுத்த கடத்துத்திறன் அளவீடுகளும் அயனிகளின் எண்ணிக்கையை அதே வரிசையில் காட்டின.

நான்கு அம்மோனியா உப்பு பச்சையிலும் ஊதாவிலும் இரண்டு வடிவங்களில் கிடைப்பதை அவர் எண்முகி வடிவத்துக்கு (ஆறு ஈனிகள் மேலும் கீழும் நான்கு பக்கமும் நிற்பது) ஆதாரமாக எடுத்துக்கொண்டார். இரண்டு குளோரைடுகள் எதிரெதிரே நின்றால் ஒன்று, அருகருகே நின்றால் மற்றொன்று. ஆனால் அது மட்டும் முழு நிரூபணமாகவில்லை. அங்கேதான் கொடுக்கிணைப்பு ஈனி அவருக்குக் கைகொடுத்தது. இரண்டு எத்திலீன் டைஅமீன் பிணைந்த கோபால்ட் அணைவில் மற்ற இரண்டு ஈனிகளும் அருகருகே இருந்தால், அந்த மூலக்கூறும் அதன் கண்ணாடி பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. அப்படியானால் அவற்றைப் பிரிக்க முடியவேண்டும். பிரித்தால் முனைவுற்ற ஒளியை அவை எதிரெதிர்த் திசைகளில் சுழற்றவேண்டும். 1911இல் வெர்னரும் அவர் மாணவர் விக்டர் கிங்கும் பிரித்துக் காட்டினார்கள்.

அப்போதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது: ஒளியைச் சுழற்றும் குணம் டைஅமீனில் உள்ள கார்பனிலிருந்து வருகிறது என்று. 1914இல் கார்பனே இல்லாத ஓர் அணைவை வெர்னர் பிரித்தார். நடுவில் ஒரு கோபால்ட். அதைச் சுற்றி மூன்று கொடுக்கிணைப்பு ஈனிகள். அந்த ஈனி ஒவ்வொன்றும் தன்னளவில் நான்கு அம்மோனியாவும் இரண்டு ஹைட்ராக்சைடும் கொண்ட ஒரு கோபால்ட் அணைவு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். எதிர்த்தரப்பின் கடைசி வாதத்தை எடுத்து, அதற்கென்றே ஒரு மூலக்கூறைக் கட்டிப் பதில் சொன்னார். நோபல் பரிசு அதற்கு முந்தைய ஆண்டே அவருக்குக் கிடைத்துவிட்டிருந்தது.

செய்முறையைத் தீர்மானிப்பது வேகம்

நிலைப்புத்தன்மை மாறிலி பெரிதாக இருந்தால் போதும், கலந்ததும் சேர்மம் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. குரோமியம்(III) கரைசலில் இ.டி.டி.ஏ. சேர்த்துப் பாருங்கள். அறை வெப்பநிலையில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். கொதிக்கவிட்டால் மெல்ல மெல்ல அடர் ஊதா நிறம் எழும். தாமிரம்(II) கரைசலிலோ கலந்த கணமே வேலை முடிந்துவிடும்.

தாமிரம்(II)ஐச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறு நொடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் இடம் மாறுகிறது. நிக்கலில் அது நொடிக்கு சுமார் 30,000 முறை. குரோமியம்(III)இலோ ஒரு நீர் மூலக்கூறு இடம்விட்டுப் போக நாட்கணக்காகும். ஹென்றி டௌபே 1952இல் இந்த வேறுபாட்டை உலோகத்தின் டி ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான்கள் தங்கும் ஒருவகை இடங்கள்) எலக்ட்ரான்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தோடு தொடர்புபடுத்தி விளக்கினார். குரோமியம்(III), எலக்ட்ரான்கள் எல்லாம் இணைந்திருக்கும் குறைந்த தற்சுழற்சி கோபால்ட்(III) இரண்டும் மந்தமானவை. தாமிரம்(II), நிக்கல்(II), கோபால்ட்(II) எல்லாம் சுறுசுறுப்பானவை.

கோபால்ட்(III) அணைவுகளை ஏன் எப்போதும் கோபால்ட்(II) உப்பிலிருந்தே தொடங்குகிறோம் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. வெறும் நீர் சூழ்ந்த கோபால்ட்(III) அயனி தண்ணீரையே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும் அளவுக்கு வலுவானது. அதன் ஒடுக்க மின்னழுத்தம் 1.8 வோல்ட்டுக்கு மேல். அம்மோனியா சூழ்ந்ததும் அது சுமார் 0.1 வோல்ட்டாக விழுந்துவிடுகிறது. ஆகவே சுறுசுறுப்பான கோபால்ட்(II)ஓடு முதலில் ஈனியைச் சேர்த்து, ஈனிகள் இடம்பிடித்த பிறகு காற்றாலோ ஹைட்ரஜன் பெராக்சைடாலோ ஆக்சிஜனேற்றம் செய்கிறோம். இளஞ்சிவப்புக் கரைசல் அடர் பழுப்பாகும். எத்திலீன் டைஅமீனோடு இதைச் செய்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து நீராவிக் குளியலில் சுண்டவைத்தால் பச்சைப் படிகங்கள் படியும். அவை இரண்டு குளோரைடும் எதிரெதிரே நிற்கும் மாற்றியம் (அதே அணுக்கள் வேறு அமைப்பில் நிற்கும் வடிவம்). அதையே தண்ணீரில் கரைத்து, அமிலம் இல்லாமல் மறுபடி சுண்டவைத்தால் ஊதாநிற மாற்றியம் கிடைக்கும். இரண்டிலும் அணுக்கள் அதே எண்ணிக்கைதான். தனிமப் பகுப்பாய்வுக்கு மட்டும் அனுப்பினால் இரண்டும் ஒன்றே என்று திரும்பி வரும்.

பச்சைப் படிகம் ஒன்றை அருகில் பார்ப்போம்

பொட்டாசியம் டிரிஸ்ஆக்சலேட்டோஃபெரேட்(III) டிரைஹைட்ரேட். பெயர் நீளம். மரகதப் பச்சையில் மின்னும் இந்தப் படிகம் உலகம் முழுக்கக் கல்லூரி ஆய்வகங்களில் செய்யப்படுகிறது. செய்யும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் இந்தத் துறையின் பாதிப் பாடத்தை இதுவே கற்றுக்கொடுத்துவிடும்.

ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சில சொட்டு நீர்த்த கந்தக அமிலம் கலந்த வெந்நீரில் கரைக்கவேண்டும். அமிலம் இல்லாவிட்டால் இரும்பு காற்றுப்பட்டு ஹைட்ராக்சைடாகப் பழுக்கத் தொடங்கும். ஆக்சாலிக் அமிலக் கரைசலைச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே கொதிநிலை வரை கொண்டுபோனால் எலுமிச்சை மஞ்சளில் இரும்பு(II) ஆக்சலேட் கனமாகக் கீழே இறங்கும். மேல்நீரை வடித்துவிட்டு வெந்நீரால் கழுவவேண்டும். சல்பேட் இங்கேயே போய்விடவேண்டும். பிறகு விரட்டுவது கஷ்டம்.

இனி அடர் பொட்டாசியம் ஆக்சலேட் கரைசலைச் சேர்த்து, 40 டிகிரி அளவில் வைத்துக்கொண்டு, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சூடு அதற்கு மேல் போனால் பெராக்சைடு வேலை செய்யாமலே சிதைந்துவிடும். இந்தக் கட்டத்தில் குடுவையில் செம்பழுப்புச் சேறு உருவாகும். முதல்முறை செய்பவர்கள் எல்லாம் கெட்டுவிட்டது என்று பயந்துபோவார்கள். கெடவில்லை. வினைச் சமன்பாட்டின்படி இரும்பில் மூன்றில் இரண்டு பங்கு நேரே பச்சை அணைவாகிறது. மீதி மூன்றில் ஒரு பங்கு ஹைட்ராக்சைடாக நிற்கிறது. மிகுதிப் பெராக்சைடைக் கொதிக்கவைத்துப் போக்கிவிட்டு, ஆக்சாலிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும்போது சேறு கரைந்து, கரைசல் தெளிந்த பச்சையாகிறது. அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். கூடுதல் அமிலம் போனால் படிகத்தோடு ஆக்சலேட் உப்புகளும் சேர்ந்து படியும். சூட்டோடு வடிகட்டி, எத்தனால் சேர்த்து, இருட்டில் வைத்தால் படிகம் வளரும்.

இருட்டு ஏன்? இந்த அணைவின் மீது ஒளி பட்டால் ஆக்சலேட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்புக்குத் தாவுகிறது. இரும்பு(III) இரும்பு(II) ஆகிறது. ஆக்சலேட் கார்பன் டைஆக்சைடாகப் போய்விடுகிறது. எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு இரும்பு(II) என்பது துல்லியமாகத் தெரிந்திருப்பதால், ஒளிவேதியியலில் ஒளியின் அளவை அளக்கவே இதன் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். ஹாட்சார்டும் பார்க்கரும் 1956இல் செம்மைப்படுத்திய முறை அது.

சரி, படிகம் கையில் இருக்கிறது. மூன்று ஆக்சலேட்டுக்கு ஓர் இரும்பு என்று எப்படிச் சொல்வது? ஒரு பியூரெட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் போதும். நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, 60 டிகிரிக்கு மேல் சூடாக்கித் தரம்பார்த்தால் ஆக்சலேட் ஆக்சிஜனேற்றமடையும். பிறகு அதே கரைசலில் துத்தநாகத்தால் இரும்பு(III)ஐ இரும்பு(II) ஆக ஒடுக்கி, வடிகட்டி, மறுபடி தரம்பார்க்கவேண்டும். ஓர் ஆக்சலேட் இரண்டு எலக்ட்ரான் தரும், மூன்றுக்கு ஆறு. இரும்பு ஒன்றுதான் தரும். ஆகவே முதல் அளவு இரண்டாவதைப்போலச் சரியாக ஆறு மடங்கு இருக்கவேண்டும்.

இந்த விகிதத்துக்குப் படிகத்தின் எடைகூடத் தேவையில்லை. ஆறுக்கு மேல் வந்தால் ஆக்சாலிக் அமிலமோ அதன் உப்போ ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறைந்தால், படிகம் வெளிச்சத்தில் கிடந்து சிதைந்து, உண்டான இரும்பு(II) காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்திருக்கலாம். பெராக்சைடு போதாமல் இரும்பு(II) ஆக்சலேட் தங்கியிருக்கலாம், ஏனென்றால் அதன் விகிதம் வெறும் மூன்று. எடையையும் எடுத்துக்கொண்டால் ஆக்சலேட் 53.8 சதவீதமும் இரும்பு 11.4 சதவீதமும் வரவேண்டும். பொட்டாசியத்தைக் கழித்து மீதி 11 சதவீதம் தண்ணீர். வெப்ப எடைப் பகுப்பாய்வில் அது தனியாக வெளியேறுவதைப் பார்த்துவிடலாம்.

ஷிஃப் காரமும் அகச்சிவப்பு நிறமாலையும்

இன்றைக்கு ஆய்வேடுகளில் அதிகம் தென்படுவது ஷிஃப் கார அணைவுகள்தான். ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து உண்டாகும், கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள ஈனிதான் ஷிஃப் காரம். செய்வதற்கு எளிது. சாலிசிலால்டிஹைடு இரண்டு மோலையும் எத்திலீன் டைஅமீன் ஒரு மோலையும் சூடான எத்தனாலில் கலந்தால் பளபளக்கும் மஞ்சள் தகடுகளாக சேலன் என்ற ஈனி பிரியும். இரண்டு நைட்ரஜன், இரண்டு ஃபீனால் ஆக்சிஜன். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள். இதோடு உலோகக் குளோரைடைவிட அசிட்டேட்டைச் சேர்ப்பது வசதி. ஃபீனாலின் புரோட்டானை அசிட்டேட்டே வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து காரம் சேர்க்கவேண்டாம், உலோக ஹைட்ராக்சைடு வீழ்படியும் தொல்லையும் குறையும். கோபால்ட் சேலன் திண்ம நிலையிலேயே ஆக்சிஜனை மீள்தன்மையோடு உறிஞ்சுகிறது என்பதை சுமாகி 1938இல் கவனித்தார். மாங்கனீசு சேலனின் வழித்தோன்றல்கள் 1990இலிருந்து ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு எபாக்சைடு வடிவங்களில் ஒன்றையே பெரும்பாலும் தரும் வினையூக்கிகளாகப் புகழ்பெற்றன.

இந்த வகை ஆய்வுகளில் அகச்சிவப்பு நிறமாலையின் மேல் வைக்கப்படும் பாரம் மிக அதிகம். தனி ஈனியில் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு சுமார் 1635 அலை எண்ணில் (செ.மீ.⁻¹) தெரியும். உலோகத்தோடு பிணைந்ததும் அது பத்து முதல் முப்பது வரை கீழே நகரும். ஃபீனால் கார்பன்–ஆக்சிஜன் பட்டை மேலே நகரும். 600க்குக் கீழே புதிய பட்டைகள் சில முளைக்கும். இவையெல்லாம் சேர்ந்து, ஈனி பிணைந்திருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். அவ்வளவுதான். உலோகத்தைச் சுற்றி நான்கு இடமா ஆறு இடமா, ஒரு உலோகமா இரண்டா என்பதை இந்த நகர்வு சொல்லாது. தனி ஈனியில் ஃபீனால் ஹைட்ரஜன் அந்த நைட்ரஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருப்பதால், அந்தப் பிணைப்பு போனாலே பட்டை கொஞ்சம் நகரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 3400க்குப் பக்கத்தில் அகலமான பட்டை தெரிந்தால் உடனே "உலோகத்தோடு பிணைந்த நீர்" என்று எழுதிவிடுகிறார்கள். பொட்டாசியம் புரோமைடு வில்லை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சரியாக உலர்த்தாவிட்டால் வெறும் வில்லையே அந்தப் பட்டையைத் தரும். படிகத்தில் சும்மா தங்கியிருக்கும் நீரும் தரும். பிணைந்த நீர் என்று சொல்ல வேண்டுமானால், அது எந்த வெப்பநிலையில் வெளியேறுகிறது என்று எடை இழப்பைப் பார்க்கவேண்டும். தங்கிய நீர் பெரும்பாலும் 120 டிகிரிக்குள் போய்விடும், பிணைந்த நீர் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். இந்த எல்லையும் கறாரானதில்லை.

காந்தமும் நிறமும் சேர்ந்து பேசும்போது

நிக்கல் இந்த விஷயத்தில் அருமையான உலோகம். எண்முகியில் அதற்கு இரண்டு இணையாத எலக்ட்ரான்கள், சதுரதளத்தில் ஒன்றுமில்லை. எண்முகி நிக்கல்(II) அணைவின் காந்தத் திருப்புத்திறன் 2.9 முதல் 3.3 போர் மேக்னடான் வரை இருக்கும். சதுரதளத்தில் பூச்சியம். நிக்கல் சேலன் ஆரஞ்சுச் சிவப்பு, டயா காந்தத்தன்மை உடையது, ஆகவே என்.எம்.ஆர். நிறமாலையையும் கூர்மையாகத் தரும். ஈனியில் 13 பி.பி.எம்.முக்குப் பக்கத்தில் இருந்த ஃபீனால் ஹைட்ரஜன் அணைவில் காணாமல் போயிருக்கும். டைமெத்தில் கிளையாக்சைமோடு நிக்கல் தரும் செந்நிற வீழ்படிவும் இதே சதுரதளக் குடும்பம்தான். சுகாயெவ் 1905இல் கண்ட அந்த வினை நிக்கலை எடைபோட்டு அளக்கும் முறையாக நிலைத்துவிட்டது.

தாமிரம்(II)இல் இந்த வசதி கிடையாது. எந்த வடிவமானாலும் ஓர் இணையாத எலக்ட்ரான்தான், மதிப்பு 1.7 முதல் 2.2க்குள் சுற்றும். ஆனால் 1.7க்குக் கீழே தெளிவாக இறங்கினால் காது கொடுக்கவேண்டும். தாமிர அசிட்டேட் அறை வெப்பநிலையில் சுமார் 1.4தான் காட்டும், ஏனென்றால் அது இரட்டைக் கூடு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தாமிரங்களின் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அடக்குகின்றன. அப்படிச் சந்தேகம் வந்தால் நிறை நிறமாலையில் ஐசோடோப்பு வடிவத்தைப் பார்த்துவிடலாம். தாமிரம் 63, 65 என்று ஏறக்குறைய 69க்கு 31 விகிதத்தில் கலந்தது. ஒரு தாமிரம் இருந்தால் இரண்டு பெரிய சிகரங்கள். இரண்டு தாமிரம் இருந்தால் மூன்று.

கட்புல நிறமாலை இந்தச் சாட்சியத்துக்குத் துணை நிற்கும். நீர் சூழ்ந்த நிக்கலின் முதல் பட்டை 8500 அலை எண்ணில். எத்திலீன் டைஅமீன் மூன்று சூழ்ந்ததும் சுமார் 11,200க்கு ஏறுகிறது. எண்முகி நிக்கலில் அந்த முதல் பட்டையே டி ஆர்பிட்டால்கள் பிளந்த இடைவெளி. இதர பட்டைகளும் கூடவே மேலே நகர்வதால்தான் பச்சை ஊதாவானது. பட்டையின் உயரமும் தகவல்தான். சமச்சீர் மையம் உள்ள எண்முகி அணைவுகளின் டி–டி பட்டைகள் (டி ஆர்பிட்டால்களுக்குள்ளேயே எலக்ட்ரான் தாவுவதால் வருபவை) மங்கலானவை. கோபால்ட் மாற்றியங்களில் ஊதா பச்சையைவிடத் தீவிரமாக உட்கவர்வதற்குக் காரணம், அதில் சமச்சீர் மையம் இல்லை என்பதே. ஃபினாந்த்ரோலின் சூழ்ந்த இரும்பு(II)இன் செந்நிறமோ டி–டி சங்கதியே இல்லை. உலோகத்திலிருந்து ஈனிக்கு எலக்ட்ரான் தாவுவதால் வருவது. 510 நானோமீட்டரில் அதன் மோலார் உட்கவர் திறன் 11,000க்கு மேல். இப்படிப்பட்ட பெரிய பட்டையின் தோளில் தெரியும் சிறு மேட்டை டி–டி என்று பெயரிட்டு அதிலிருந்து வடிவம் கணிப்பது மணலில் வீடு கட்டுவதுதான்.

கடத்துத்திறனை மறந்துவிடக்கூடாது. வெர்னர் காலத்து முறை, இன்றும் மலிவானது. டைமெத்தில் ஃபார்மமைடில் ஆயிரத்தில் ஒரு மோலார் கரைசலின் மோலார் கடத்துத்திறன் 65 முதல் 90 வரை (ஓம்⁻¹ செ.மீ.² மோல்⁻¹) வந்தால் ஒன்றுக்கு ஒன்று உப்பு. 130 முதல் 170 வரை வந்தால் இரண்டு எதிர்மின் அயனிகள் வெளியே. உள்ளே குளோரைடு பிணைந்திருக்கிறது என்று படம் வரைந்துவிட்டு, 150 என்ற எண்ணை அட்டவணையில் விட்டுவைப்பவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே கேட்கவில்லை.

எதிர்மின் அயனி என்றதும் ஓர் எச்சரிக்கை. நன்றாகப் படிகமாகும் என்பதற்காகப் பெர்குளோரேட்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கரிம ஈனி கொண்ட உலோகப் பெர்குளோரேட்டுகள் சூட்டாலோ உராய்வாலோ வெடிக்கக்கூடியவை. உலர்த்தும் அடுப்பில் வைக்கவோ, சின்டர் புனலிலிருந்து உலோகக் கரண்டியால் சுரண்டவோ கூடாது. டெட்ராஃபுளோரோபோரேட்டோ ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டோ பெரும்பாலும் அதே வேலையைச் செய்துவிடும்.

படிகம் சொல்வதும் சொல்லாததும்

ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் விளிம்புவிளைவு (படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர்களிலிருந்து அணுக்களின் இடங்களைக் கணக்கிடும் முறை) கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனாலும் ஒரு கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1971இல் ஜோசப் சாட்டும் கூட்டாளிகளும் பாஸ்ஃபீன் ஈனிகள் கொண்ட மாலிப்டினம்–ஆக்சோ அணைவுகளில் நீலம் ஒன்று, பச்சை ஒன்று என்று விவரித்தார்கள். படிக அமைப்பில் பச்சையின் மாலிப்டினம்–ஆக்சிஜன் பிணைப்பு நீலத்தினுடையதைவிட நீளமாகத் தெரிந்தது. பிணைப்பு நீளம் மட்டும் வேறுபடும் புதுவகை மாற்றியம் என்று இருபது ஆண்டுகள் பேசப்பட்டது. கோட்பாட்டு விளக்கங்களும் வந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜெரார்டு பார்க்கின் குழு அதை அவிழ்த்தது. பச்சை என்று ஒரு சேர்மமே இல்லை. நீல அணைவின் படிகத்தில், ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தில் குளோரின் உள்ள மஞ்சள் அணைவு கொஞ்சம் கலந்திருந்தது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. குளோரின் தள்ளி நிற்பதால், இரண்டின் சராசரி நீண்ட ஆக்சிஜன் பிணைப்பாகத் தெரிந்தது.

அந்தப் படிகத்தைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்தவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. படிகம் தருவது கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி. கலப்படத்தையும் அது நேர்த்தியாகச் சராசரிப்படுத்திவிடும். மேலும் நாம் எடுத்துக்கொண்ட ஒரு படிகம் குடுவையில் உள்ள மொத்தப் பொடிக்கும் பிரதிநிதியா என்பது தனிக் கேள்வி. மொத்தப் பொடியின் விளிம்புவிளைவு வரைபடத்தை, ஒற்றைப் படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். அரைமணி நேர வேலை. தனிமப் பகுப்பாய்வும் 0.4 சதவீதத்துக்குள் பொருந்தினால் நிம்மதியாகப் பெயர் எழுதலாம். பொருந்தவில்லை என்றால் அரை மூலக்கூறு நீரைச் சேர்த்து எண்ணைச் சரிக்கட்டுவதைவிட, மறுபடி உலர்த்தி மறுபடி அனுப்புவது மேல்.

அப்புறம், இதெல்லாம் திண்மத்தைப் பற்றியது. நுண்ணுயிர் எதிர்ப்பு, புற்றுநோய்ச் செல் சோதனை என்று அணைவுகளைப் பயன்படுத்தும்போது அவை கரைசலில் இருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து. அந்தக் கரைப்பான் தானே ஒரு நல்ல ஈனி. பிளாட்டினத்தோடு பிணைந்த குளோரைடை அது இடம்பெயர்க்கும் என்பது நன்கு தெரிந்த விஷயம். தாமிரம்(II), துத்தநாகம் போன்ற சுறுசுறுப்பான அயனிகளின் அணைவுகள் ஊடகத்தில் உள்ள அமினோ அமிலங்களையும் புரதங்களையும் சந்தித்தால் ஈனியை மாற்றிக்கொள்ளக்கூடும். அப்போது செல்லின்மீது வேலை செய்தது அணைவா, தனி ஈனியா, வெறும் தாமிர அயனியா?

விடை தேடுவது பெரிய காரியமில்லை. சோதனையில் பயன்படுத்தும் அதே கரைப்பானில், அதே ஊடகத்தில், அதே செறிவில் அணைவைக் கரைத்து, சோதனை நடக்கும் வெப்பநிலையிலேயே வைத்து, கரைத்த உடனும் சில மணி நேரம் கழித்தும் மறுநாளும் கட்புல நிறமாலை எடுக்கவேண்டும். கடத்துத்திறனையும் கூடவே குறித்துக்கொள்ளலாம். பட்டைகள் நகராமல் நின்றால் அணைவு தாக்குப்பிடிக்கிறது என்று ஓரளவு நம்பலாம். நகர்ந்தால், தனி ஈனியையும் உலோக உப்பையும் அதே சோதனையில் தனித்தனியே வைத்துப் பார்க்காமல் முடிவெழுதக்கூடாது.